அப்ரைசலில் என் மதிப்பெண்ணை யார் குறைத்தார்கள் என்று கேட்டால் "ரகசியம்" என்கிறார்கள். கேட்கக் கூடாதா?

ஓரகடம்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். ஓரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். போன வாரம் இன்கிரிமென்ட் கடிதம் வந்தது. ஒரே தாள். பழைய சம்பளம், புதிய சம்பளம், நடுவில் "மதிப்பீடு: 3" என்று ஒரு எண். போன வருடம் 4.

மார்ச்சில் நாலு பக்கப் படிவம் ஒன்றை நானே நிரப்பிக் கொடுத்தேன். என் லைனில் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய புகார் பதினொன்றிலிருந்து நான்காகக் குறைந்ததை மாத வாரியாக எழுதியிருந்தேன். மேனேஜர் என்னை உட்கார வைத்துப் பேசி, "நாலு போட்டிருக்கேன், நல்லா பண்ணியிருக்கீங்க" என்றார். இப்போது போய்க் கேட்டால் "நான் நாலுதான் போட்டேன், மேலே மாத்திட்டாங்க" என்கிறார். ஹெச்.ஆரிடம் போனேன். "அது மேனேஜ்மென்ட் முடிவு, ரகசியம். வேறு யாரிடமும் பேச வேண்டாம்" என்று பதில்.

இன்கிரிமென்ட் பணம் போனதில் வருத்தம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ராத்திரி தூக்கம் வராமல் பண்ணுவது அது இல்லை. ஒரு வருட உழைப்பைப் பற்றி என் பெயருக்கு நேரே யாரோ ஏதோ எழுதியிருக்கிறார்கள். அது என்னவென்று எனக்கு மட்டும் தெரியக் கூடாதாம். அடுத்தவர் சம்பளத்தை நான் கேட்கவில்லை. என் எண்ணை யார் மாற்றினார்கள், என்ன காரணம், இவ்வளவுதான் கேட்கிறேன். இதைக் கேட்க எனக்கு உரிமை உண்டா?

கோவை ஹெச்.ஆர்.:

தம்பி, நான் பதினேழு வருடமாக மனிதவளத் துறையில் இருக்கிறேன். உங்கள் கம்பெனியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பொதுவாக என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

மேனேஜர்கள் மதிப்பெண் போடுவதற்கு முன்பே இந்த வருட இன்கிரிமென்டுக்கு மொத்தம் இவ்வளவு என்று நிதித்துறை முடிவு செய்துவிடும். பானையில் சோறு எவ்வளவு என்று அளந்த பிறகுதான் இலை போடுவார்கள். எல்லா மேனேஜரும் தன் ஆட்களுக்கு 4, 5 என்று போட்டு அனுப்பினால் கணக்கு உதைக்கும். அப்போது துறைத் தலைவர்கள் எல்லோரும் ஒரு அறையில் உட்கார்ந்து சமன்படுத்துவார்கள். 5 இத்தனை சதவீதம், 4 இத்தனை, 3 இத்தனை. மணி வடிவ வளைவு என்பார்கள். உங்கள் 4 அந்த அறையில்தான் 3 ஆகியிருக்கும்.

அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் தலைவராக இருந்த காலத்தில் மேலே 20, நடுவில் 70, கீழே 10 என்று ஆட்களைப் பிரித்துப் புகழ்பெறச் செய்த முறை இது. மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் இப்படி வரிசைப்படுத்துவதையே விட்டுவிட்டது. நம் ஊரில் நிறைய இடங்களில் இன்னும் விடவில்லை.

அந்த அறையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். எண்ணைக் குறைப்பதற்கு முக்கால்வாசி நேரம் தனிப்பட்ட கோபதாபம் காரணமாக இருக்காது. இரண்டு பேரில் ஒருவரைக் குறைத்தாக வேண்டும் என்னும்போது, யாரைப் பற்றி அறையில் யாரும் வாய் திறக்கவில்லையோ அவர் பெயர் கீழே போகும். பிறகு அதற்கு ஒரு காரணம் எழுதுவார்கள். அந்தக் காரணத்தை யாரும் சரிபார்ப்பதில்லை. சம்பந்தப்பட்டவரிடம் காட்டப்போவதில்லை என்பதுதான் சரிபார்க்காமல் இருப்பதற்கே காரணம்.

பழைய கோப்பு:

கோவை நண்பர் கடைசியில் சொன்னாரே, அதுதான் விஷயம். மத்திய அரசுத் துறை ஒன்றில் நிர்வாகப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் காலத்தில் வருடாந்திர மந்தண அறிக்கை, அதாவது ரகசிய அறிக்கை, என்று ஒன்று இருந்தது. மேலதிகாரி எழுதுவார். மோசமாக எழுதினால் மட்டும் நமக்குத் தெரிவிப்பார்கள். மற்றது எல்லாம் அரக்கு முத்திரை போட்ட உறைக்குள் போய் இரும்பு பீரோவில் உட்கார்ந்துவிடும்.

இதை மாற்றியவர் தேவ் தத் என்ற பொறியாளர். எல்லைச் சாலை அமைப்பில் செயற்பொறியாளராக இருந்தார். கண்காணிப்புப் பொறியாளர் பதவி உயர்வுக்குக் கடைசி ஐந்து வருடமும் "மிக நன்று" வாங்கியிருக்க வேண்டும் என்பது விதி. அவருக்கு நாலு வருடம் "மிக நன்று". 1993-94-இல் மட்டும் "நன்று". அந்த ஒரு சொல்லால் பதவி உயர்வு போயிற்று. "நன்று" என்பது பாதகமான குறிப்பு இல்லையாம், அதனால் அவருக்குத் தெரிவிக்கவும் இல்லை. தெரியாத ஒன்றை எதிர்த்து ஒரு மனிதன் எப்படி மனுப் போடுவான்?

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2008 மே மாதம் தீர்ப்பு வந்தது. மோசம், சுமார், நன்று, மிக நன்று, எதுவாக இருந்தாலும் ஒவ்வொரு குறிப்பையும் ஊழியருக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைத்து வைப்பது அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவு சொல்லும் சமத்துவத்துக்கே விரோதம் என்றது நீதிமன்றம். அதற்குள் அவர் ஓய்வே பெற்றுவிட்டார். 2013-இல் சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது.

2009 மே மாதம் மத்திய அரசு உத்தரவு போட்டது. மந்தண அறிக்கை என்ற பெயரே போய், செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை ஆயிற்று. முழு அறிக்கையையும் ஊழியரிடம் கொடுக்க வேண்டும், ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளில் எழுதித் தரலாம்.

அந்த முதல் வருடம் எங்கள் அலுவலகத்தில் அறிக்கையை விநியோகித்தவன் நானே. ஒரு மேல்நிலை எழுத்தர், ஐம்பது வயதிருக்கும், தன் அறிக்கையை வாங்கி நின்றபடியே இரண்டு முறை படித்தார். "இருபத்தாறு வருஷத்தில் என்னைப் பற்றி எழுதியதை இன்னைக்குத்தான் சார் பார்க்கிறேன்" என்றார். நல்ல மாதிரிதான் எழுதியிருந்தார்கள். அதைக்கூட அவருக்கு யாரும் சொன்னதில்லை.

தம்பிக்கு ஒரு எச்சரிக்கை: அந்தத் தீர்ப்பு அரசுக்கும் அரசு சார்ந்த அமைப்புகளுக்கும்தான், அதிலும் ராணுவத்துக்குப் பொருந்தாது. தனியார் கம்பெனியை அது கட்டுப்படுத்தாது. ஆனால் அந்த நியாயத்தைச் சொல்லிக் கேட்பதை யாரும் தடுக்க முடியாது. எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் வாய்வார்த்தையாகத்தான் பதில் வரும்.

திருப்பூர் மலர்:

ஓரகடம் அண்ணா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் இழையைப் படிக்கும் எல்லோரும் அப்ரைசல் உள்ள இடத்தில் வேலை செய்கிறவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. உங்களுக்கு ஒரு கடிதமாவது வருகிறது.

நான் பனியன் கம்பெனிகளில் கணக்குப் பிரிவில் பன்னிரண்டு வருடம் இருந்தேன். முதலில் வேலை பார்த்த இடத்தில் சனிக்கிழமை சம்பளம். பீஸ் ரேட்டு. கவரின் மேல் பென்சிலில் ஒரு தொகை எழுதியிருக்கும், அவ்வளவுதான். எத்தனை டஜன், டஜனுக்கு என்ன ரேட்டு, பி.எஃப். எவ்வளவு, இ.எஸ்.ஐ. எவ்வளவு, அட்வான்ஸில் எவ்வளவு கழித்தார்கள், எதுவும் இருக்காது. ஓவர்லாக் மெஷினில் இருந்த ஒரு அக்கா தன் டஜன் கணக்கைச் சின்ன நோட்டில் தினமும் கோடு போட்டு வைத்திருப்பார். ஒரு வாரம் கவரில் 340 ரூபாய் குறைந்தது. நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். சூப்பர்வைசர் ஒரு நாள் கணக்கை வேறொருவர் பெயரில் ஏற்றியிருந்தார். நோட்டு இல்லாதவர்களுக்கு எத்தனை வாரம் எவ்வளவு போயிருக்கும் என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

வெளிப்படைத்தன்மை என்று பெரிய வார்த்தை எல்லாம் வேண்டாம். ஊதியச் சீட்டு கொடுங்கள், அது போதும் முதலில். அது கருணை இல்லை, சட்டம். முன்பு 1948-இன் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் இருந்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இருக்கிறது. பணி நியமனக் கடிதமும் எல்லாத் தொழிலாளிக்கும் கொடுத்தாக வேண்டும்.

அடுத்தது பி.எஃப். இதை எல்லோரும் இன்றைக்கே பாருங்கள். சம்பளத்தில் 12 சதவீதம் பிடிக்கிறார்கள். முதலாளி தன் பங்காக இன்னொரு 12 போட வேண்டும். அதில் 8.33 ஓய்வூதியக் கணக்குக்குப் போகும், மிச்சம் 3.67 பி.எஃபில் சேரும். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். சீட்டில் பிடித்தம் இருக்கும், பாஸ்புக்கில் இருக்காது. இப்படிப் பார்த்திருக்கிறேன். நம்மிடம் பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது வெறும் தாமதம் இல்லை, குற்றமுறு நம்பிக்கை மோசடி என்று தண்டனைச் சட்டமே சொல்கிறது. யு.ஏ.என். என்கிற உங்கள் பி.எஃப். எண்ணோடு இணைத்த செல்பேசியிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாகக் கட்டிய தொகை குறுஞ்செய்தியில் வரும். செலவு கிடையாது.

சிங்கை செந்தில்:

மலர் அக்கா சொன்னதற்கு ஒரு ஒப்பீடு. நான் சிங்கப்பூரில் கட்டுமானத் துறையில் இருக்கிறேன். இங்கே 2016 ஏப்ரல் முதல் இனம் பிரித்த சம்பளச் சீட்டு எல்லா முதலாளியும் கொடுக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், ஓவர்டைம் எத்தனை மணி, பிடித்தம், எல்லாம் தனித்தனி வரியில். வேலை அனுமதிக்கு முன் வரும் கடிதத்திலேயே அடிப்படைச் சம்பளமும் பிடித்தமும் போட்டிருப்பார்கள், அது தமிழிலும் வரும். ஊரில் ஏஜென்ட் சொன்னது ஒன்று, கடிதத்தில் இருப்பது ஒன்று என்றால் விமானம் ஏறும் முன்பே தெரிந்துவிடும். படிக்காமல் ஏறியவர்கள் பட்ட பாட்டையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து படித்துவிட்டு ஏறுங்கள்.

முதல் வேலை:

நான் இப்போதுதான் கல்லூரி முடித்தேன். கேம்பஸில் 6 லட்சம் என்றார்கள். அம்மா மாதம் 50,000 என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். கைக்கு 40,000 சுமார்தான் வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

கோவை ஹெச்.ஆர்.:

ஏமாற்று இல்லை தம்பி, ஆனால் புரியும்படி சொல்லவில்லை. 6 லட்சம் என்பது கம்பெனிக்கு உங்களால் ஆகும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் 25,000 என்று வைத்துக்கொள்வோம். 50,000-இல் பத்து சதவீதம், அதாவது 5,000, வருடக் கடைசியில் மதிப்பீட்டைப் பொறுத்து வரும் பணம். கம்பெனி கட்டும் பி.எஃப். 1,800, 15,000 உச்சவரம்பில் கணக்குப் போட்டால். பணிக்கொடைக்கு ஒதுக்குவது சுமார் 1,200, அதை வாங்கப் பொதுவாக ஐந்து வருடம் இருக்க வேண்டும். மிச்சம் 42,000. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,800 போனால் 40,200. இன்சூரன்ஸும் தொழில்வரியும் கழித்தால் நீங்கள் சொன்ன தொகை.

நேர்முகத் தேர்வு முடிந்ததும் "கைக்கு மாதம் எவ்வளவு, எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். நான் வேலை செய்யும் இடத்தில் நியமனக் கடிதத்தோடு இந்தக் கணக்கை ஒரு தனித் தாளில் இணைக்க ஆரம்பித்தோம். முதல் மாதச் சம்பளத்தன்று எங்கள் அறை வாசலில் நிற்கும் கூட்டம் அந்த வருடத்திலிருந்து இல்லை.

காக்களூர் கவிதா:

எல்லோரும் தன் சீட்டைப் பார்ப்பது பற்றியே பேசுகிறோம். தன் சீட்டை மட்டும் பார்த்தால் போதாது என்பது என் கருத்து. அமெரிக்காவில் அலபாமாவில் லில்லி லெட்பெட்டர் என்று ஒரு பெண், குட்இயர் டயர் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் மேற்பார்வையாளராக இருந்தார். சம்பளம் பற்றிப் பேசக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. ஓய்வு பெறும் நேரத்தில் யாரோ பெயர் போடாமல் ஒரு துண்டுச் சீட்டு வைத்துவிட்டுப் போனார்கள். அதே வேலை பார்த்த மூன்று ஆண்களின் சம்பளம் அதில் இருந்தது. இவருக்கு மாதம் 3,727 டாலர். ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286. வழக்குப் போட்டார். பாகுபாடான சம்பள முடிவு எடுத்த 180 நாளுக்குள் வந்திருக்க வேண்டும் என்று சொல்லி 2007-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தள்ளிவிட்டது. மறைத்து வைத்ததைத் தெரியாதவர் 180 நாளுக்குள் எப்படி வருவார்? 2009 ஜனவரியில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அதைத் திருத்தியது. அவருக்கு அந்தப் பணம் கிடைக்கவே இல்லை.

நம் நாட்டில் சம ஊதியச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது, இப்போது மலர் சொன்ன புதிய தொகுப்புகளில் அது சேர்ந்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் என்ன வாங்குகிறார் என்று தெரியாமல் அந்தச் சட்டத்தை எந்தப் பெண் பயன்படுத்துவாள்?

கோவை ஹெச்.ஆர்.:

கவிதா அம்மா, பெயர் போட்டுச் சம்பளப் பட்டியலைச் சுவரில் ஒட்டுவதை நான் ஏற்கவில்லை. எத்தனையோ வீடுகளில் சம்பளத்தைச் சொல்லாமல் வைத்திருப்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. கடன்காரன் இருக்கிறான், சொந்தக்காரர் இருக்கிறார். ஆனால் பதவிக்கு நேரே சம்பள வரம்பைப் போடுங்கள் என்றால் இரண்டு கையையும் தூக்குவேன். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் போட்ட உத்தரவு அதைத்தான் கேட்கிறது. வேலைக்கு எடுக்கும் முன்பே வரம்பைச் சொல்ல வேண்டும், பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது, சம்பளம் பற்றிப் பேசாதே என்று ஒப்பந்தத்தில் வாய்ப்பூட்டு போடக் கூடாது. உறுப்பு நாடுகள் 2026 ஜூன் 7-க்குள் சட்டமாக்க வேண்டும் என்று தேதி குறித்தார்கள்.

கம்பெனிகள் ஏன் பயப்படுகின்றன என்றும் சொல்கிறேன். எட்டு வருடமாக இருப்பவருக்கு 38,000, நேற்று வந்தவருக்குச் சந்தை விலையில் 45,000. இது நிறைய இடத்தில் உண்டு. வரம்பை வெளியே சொன்னால் முதலில் கதவைத் தட்டுவது அந்த எட்டு வருடக்காரர். அவரிடம் சொல்ல நியாயமான பதில் இல்லை. அந்தப் பயத்துக்குத்தான் ரகசியம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

காக்களூர் கவிதா:

பெயர் வேண்டாம் என்பதை ஏற்கிறேன். மறைக்க வேண்டியதும் உண்டு. 2013-இன் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் புகார் கொடுத்தவர் யார் என்பதை வெளியிடக் கூடாது என்கிறது. அதே சட்டம்தான் உள் புகார்க் குழு அமைத்த உத்தரவைப் பார்வையில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. என் பழைய ஆபீசில் அந்தத் தாள் கழிவறைக்குப் போகும் வழியில், தீயணைப்பு வாளிக்குப் பின்னால் ஒட்டியிருந்தது. அதில் இருந்த நாலு பெயரில் இரண்டு பேர் வேலையை விட்டு வருடக்கணக்கு. தலைவர் பெயருக்கு நேரே இருந்த எண் ஒருவரும் எடுக்காத மேசைத் தொலைபேசி. குழு உறுப்பினர் மூன்று வருடத்துக்கு மேல் தொடரக் கூடாது என்பதே அங்கே யாருக்கும் தெரியவில்லை. நான் மேனேஜரிடம் சொன்னேன், மாற்ற ஐந்து வாரம் ஆனது. எல்லோரும் நாளைக்கு உங்கள் ஆபீஸ் பலகையைப் போய்ப் படியுங்கள்.

பழைய கோப்பு:

அரசிலும் இந்த எல்லை உண்டு அம்மா. தகவல் உரிமைச் சட்டம் 4-ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு ஊழியரின் மாத ஊதியத்தையும் அலுவலகமே வெளியிட வேண்டும். ஆனால் ஒருவர் வாங்கிய மெமோ, சொத்து விவரம் இதெல்லாம் தனிப்பட்ட தகவல், பெரிய பொதுநலன் இருந்தால் ஒழிய அடுத்தவருக்குத் தர வேண்டியதில்லை என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சம்பளம் ஊருக்குத் தெரியலாம், குறிப்பு அவரவருக்குத் தெரிய வேண்டும். எனக்கு இது சரியாகவே படுகிறது.

ஓரகடம்காரன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பழைய கோப்பு ஐயா சொன்னபடி எழுத்தில் கேட்டேன். ஒரே பக்கம். மேனேஜர் போட்ட எண் என்ன, இறுதி எண் என்ன, மாறியதற்கு எழுதிய காரணம் என்ன, இந்த மூன்று கேள்விதான். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. எட்டு நாள் பதில் இல்லை. ஒன்பதாம் நாள் ஹெச்.ஆர். தலைவர் கூப்பிட்டார். மேனேஜரும் இருந்தார். கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார்.

என் பெயருக்கு நேரே ஒரே வரி: "செப்டம்பர் வாடிக்கையாளர் தணிக்கையின்போது பணியில் இல்லை."

அந்த வாரம் கம்பெனிதான் என்னை ஓசூருக்கு, இன்னொரு வாடிக்கையாளர் தொழிற்சாலைக்கு அனுப்பியது. அங்கே பிரிக்க வேண்டியிருந்த 2,200 பாகங்களை நின்று பார்த்துப் பிரித்தேன். வெளிப்பணிச் சீட்டு என் பையிலேயே இருந்தது, எடுத்து மேசையில் வைத்தேன். ஹெச்.ஆர். தலைவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சமன்படுத்தும் கூட்டத்தில் யாரோ சொன்னதை அப்படியே ஏத்திட்டாங்க" என்றார்.

எண் மாறவில்லை. இந்த வருடப் பட்ஜெட் முடிந்துவிட்டதாம். அந்த வரியை எடுத்துவிட்டு, தேதி போட்டுத் திருத்தக் குறிப்பு சேர்த்தார்கள். அதன் நகல் என்னிடம் இருக்கிறது. அக்டோபர் இடைக்கால மதிப்பீட்டில் இதை எடுத்துக்கொள்வதாக எழுதியே கொடுத்தார்கள். வரும்வரை நான் விடப்போவதில்லை.

கோவை ஹெச்.ஆர்.:

நகலைப் பத்திரமாக வையுங்கள். அக்டோபருக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு நினைவூட்டல் மெயில் அனுப்புங்கள், அந்த நகலையும் இணைத்து.

ஓரகடம்காரன்:

சரி அண்ணா, அனுப்புகிறேன். அப்புறம் இன்னொன்று. எனக்குக் கீழே மூன்று இன்ஸ்பெக்டர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அரையாண்டுக் குறிப்பு எழுதுவது நான்தான். இத்தனை வருடம் எழுதியதை அவர்களிடம் காட்டியது இல்லை. காட்ட வேண்டும் என்று எனக்கும் யாரும் சொன்னதில்லை, நானும் நினைத்ததில்லை. திங்கட்கிழமை ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துத் தாளைக் கையில் கொடுத்தேன். மூன்றாவதாக வந்த பெண் படித்துவிட்டு ஒரு வரியில் விரல் வைத்தார். "அளவுக் கருவிப் பயிற்சி முடிக்கவில்லை" என்று நான் எழுதியிருந்தேன். "சார், ஜூன்லயே முடிச்சுட்டேன்" என்று செல்பேசியில் சான்றிதழைக் காட்டினார். ஜூன் 18 என்று போட்டிருந்தது.

அந்த வரியைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.